விலையும் மதிப்பும்: முதலீட்டை வகுப்பறையில் கற்பிக்க முடியுமா?

கிழக்குக் கடற்கரைச் சாலையில், மாமல்லபுரத்துக்கும் கல்பாக்கத்துக்கும் நடுவே மணமை இருக்கிறது. கிரேட் லேக்ஸ் மேலாண்மைக் கல்லூரியின் வளாகம் இங்கேதான். 2004-ல் அந்தக் கல்லூரியைத் தொடங்கியவர் பாலா பாலச்சந்திரன். 1937-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1967-ல் அமெரிக்கா போய், கார்னெகி மெலனில் முனைவர் பட்டம் பெற்று, நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் கெல்லாக் மேலாண்மைப் பள்ளியில் பல பத்தாண்டுகள் கணக்கியல் கற்பித்தவர். ஒரு பொருளைச் செய்ய உண்மையில் என்ன செலவாகிறது, அந்தச் செலவு எந்த வேலையிலிருந்து பிறக்கிறது என்று பிரித்துப் பார்ப்பதுதான் அவருடைய துறை. 2001-ல் பத்மஸ்ரீ பெற்றார். 2021 செப்டம்பரில் காலமானார்.

அந்த வளாகத்தைத் தாண்டிச் சாலையோரமாகப் பார்த்துக்கொண்டே போனால் வேறொரு பாடம் நடக்கிறது. ‘டி.டி.சி.பி. அப்ரூவ்டு’ மனைகள், ‘கடலுக்கு அருகில்’, ‘இன்றே முன்பதிவு’ என்று பலகைகள் வரிசையாக நிற்கின்றன. சதுர அடி என்ன விலை என்று எல்லோரும் கேட்கிறார்கள். அந்த இடம் ஆண்டுக்கு எவ்வளவு சம்பாதித்துக் கொடுக்கும் என்று கேட்பவர் அரிது. முதல் கேள்வி விலையைப் பற்றியது, இரண்டாவது மதிப்பைப் பற்றியது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொடுப்பதற்கென்றே சில பேராசிரியர்கள் தங்கள் வாழ்நாளைச் செலவிட்டிருக்கிறார்கள். மேலாண்மைக் கல்வியில் அந்தப் பாடத்துக்கு ‘மதிப்பு முதலீடு’ என்று பெயர். அதை வகுப்பறையில் கற்பிக்க முடியுமா, கற்பித்தால் பலிக்குமா, அது யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற மூன்று கேள்விகளை இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

மாலை வகுப்பில் பிறந்த பாடம்

இந்தப் பாடத்தின் முதல் ஆசிரியர் பெஞ்சமின் கிரஹாம். 1894-ல் லண்டனில் பிறந்து, குழந்தையாக நியூயார்க் வந்தவர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1914-ல் பட்டம் பெற்றபோது மூன்று துறைகள் அவரை ஆசிரியராக அழைத்தன. குடும்பத்துக்குப் பணம் தேவைப்பட்டதால் வால் ஸ்ட்ரீட்டுக்குப் போனார்.

அங்கே அவர் செய்த காரியங்களில் ஒன்றைக் கிட்டத்தில் பார்ப்பது நல்லது. 1926-ல், எண்ணெய்க் குழாய் நிறுவனங்கள் அரசின் போக்குவரத்து ஆணையத்துக்கு ஆண்டுதோறும் அறிக்கை அனுப்புவதைக் கவனித்தார். வாஷிங்டனுக்குப் போய் அந்த அறிக்கைகளைப் புரட்டினார். ‘நார்தர்ன் பைப்லைன்’ என்ற நிறுவனத்தின் பங்கு அப்போது சந்தையில் 65 டாலர். ஆனால் அந்த நிறுவனம் வைத்திருந்த கடன் பத்திரங்கள் மட்டுமே பங்கு ஒன்றுக்குச் சுமார் 95 டாலர் அளவுக்கு இருந்தன. குழாய் வேலையே நின்றுபோனாலும் பெட்டிக்குள் 95 டாலர் இருக்கிறது. அந்தப் பெட்டியை 65 டாலருக்கு விற்கிறார்கள். கிரஹாம் பங்குகளை வாங்கிச் சேர்த்தார், நிர்வாகத்தோடு மல்லுக்கட்டினார், 1928-ல் இயக்குநர் குழுவிலும் இடம் பிடித்தார். உபரிப் பணம் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. ரகசியத் தகவல் எதுவும் அவரிடம் இல்லை. யார் வேண்டுமானாலும் போய்ப் பார்த்திருக்கக்கூடிய அறிக்கையை அவர் போய்ப் பார்த்தார், அவ்வளவுதான்.

அதே காலத்தில் கொலம்பியாவில் மாலை வகுப்பு எடுக்கத் தொடங்கினார். சந்தை மூடிய பிறகு பங்குத் தரகு அலுவலகங்களிலிருந்து ஆட்கள் நேராக வகுப்புக்கு வந்தார்கள். பழைய பாடநூல் உதாரணங்களை விட்டுவிட்டு, அன்றைக்குச் சந்தையில் விலை போய்க்கொண்டிருந்த பங்குகளையே கரும்பலகையில் எழுதி அலசினார். டேவிட் டாட் என்ற இளம் ஆசிரியர் குறிப்பெடுத்தார். அந்தக் குறிப்புகளிலிருந்து 1934-ல் ‘செக்யூரிட்டி அனாலிசிஸ்’ வந்தது. இடையில் 1929-ன் வீழ்ச்சி குறுக்கிட்டது. கிரஹாம் நிர்வகித்த பணத்தில் பெரும்பகுதி கரைந்தது. சந்தை எல்லோரையும் ஏமாற்றிவிட்ட நேரத்தில், தானும் அடிபட்ட ஒருவர் எழுதிய நூல் அது. 1949-ல் பொதுமக்களுக்காக ‘தி இன்டெலிஜென்ட் இன்வெஸ்டர்’ எழுதினார்.

இவற்றின் சாரத்தை மூன்று வரிகளில் சொல்லிவிடலாம். பங்கு என்பது ஒரு தொழிலில் உங்களுக்குள்ள உரிமை. சந்தை தினமும் சொல்லும் விலை ஒரு யோசனைதான், கட்டளை கிடையாது. மதிப்பைக் கணிப்பதில் பிசகு நேரும் என்பதால், கணித்த மதிப்பைவிட நன்றாகக் குறைந்த விலைக்கு வாங்கி, நடுவே பாதுகாப்பு இடைவெளி விட வேண்டும்.

பாடம் மறைந்ததும் மீண்டதும்

1950-ல் கொலம்பியாவில் சேர்ந்து கிரஹாமிடம் படித்தவர் வாரன் பஃபெட். அந்த ஒரு மாணவரால்தான் ஆசிரியரின் பெயர் உலகெங்கும் பரவியது. ஆனால் பாடத்தின் கதை அத்தனை நேராகப் போகவில்லை. கிரஹாம் 1956-ல் தன் முதலீட்டு நிறுவனத்தை மூடிவிட்டுக் கலிஃபோர்னியாவுக்குப் போனார், அங்கே யு.சி.எல்.ஏ.வில் கற்பித்தார். கொலம்பியாவில் ரோஜர் முர்ரே அந்த வகுப்பைத் தொடர்ந்தார். அவர் ஓய்வு பெற்ற பிறகு பாடம் ஏறக்குறைய நின்றே போனது.

காரணம், கல்வி உலகில் காற்று திசைமாறியிருந்தது. 1970-ல் யூஜின் ஃபாமா தொகுத்துச் சொன்ன சந்தைத் திறன் கோட்பாடு, கிடைக்கக்கூடிய தகவல் எல்லாம் ஏற்கெனவே விலையில் சேர்ந்துவிட்டது என்றது. அப்படியானால் அறிக்கையைப் புரட்டி என்ன பயன்? மலிவான பங்கு என்று ஒன்று இருக்கவே முடியாதே! மேலாண்மைப் பள்ளிகள் கணிதச் சூத்திரங்களுக்கு இடம் கொடுத்து, கணக்குப் புத்தகத்தை ஓரம் கட்டின.

1984-ல், ‘செக்யூரிட்டி அனாலிசிஸ்’ வெளிவந்த ஐம்பதாம் ஆண்டு விழாவில், இந்த வாதத்துக்குப் பஃபெட் கொலம்பியாவிலேயே பதில் சொன்னார். நாட்டு மக்கள் எல்லோரும் நாணயம் சுண்டினால், தொடர்ந்து சரியாகச் சொல்லும் சிலர் கடைசியில் மிஞ்சத்தான் செய்வார்கள். அதில் திறமை இல்லை. ஆனால் மிஞ்சியவர்களில் பெரும்பாலோர் ஒரே சிற்றூர்க்காரர்களாக இருந்தால், அந்த ஊரில் என்ன இருக்கிறது என்று விசாரிக்க வேண்டாமா? வெற்றி பெற்ற முதலீட்டாளர்கள் சிலரைப் பட்டியலிட்டு, அவர்கள் எல்லோரும் கிரஹாமின் சிந்தனையில் வளர்ந்தவர்கள் என்று காட்டினார்.

வலுவான வாதம்தான், ஆனாலும் முடிவான சான்று என்று சொல்லிவிட முடியாது. அதே வகுப்பில் உட்கார்ந்து, அதே புத்தகத்தைப் படித்து, பெயர் வெளியே தெரியாமல் போனவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்களையும் சேர்த்து எண்ணினால்தான் வகுப்பின் பலன் தெரியும். பஃபெட்டின் பேச்சு நிறுவியது வேறொன்று: விலையும் மதிப்பும் பல நேரங்களில் விலகி நிற்கின்றன, அந்த விலகலைப் பார்க்கப் பழகலாம்.

புரூஸ் கிரீன்வால்ட் 1990-களில் கொலம்பியாவில் இந்தப் பாடத்துக்குப் புத்துயிர் கொடுத்தார். 2001-ல் இதற்கென்றே அங்கே ஹைல்பிரன் மையம் அமைந்தது. 2013-ல் நோபல் பரிசுக் குழு, சந்தை திறனுடையது என்ற ஃபாமாவையும், சந்தை உணர்ச்சிவசப்படுகிறது என்ற ராபர்ட் ஷில்லரையும் ஒரே மேடையில் ஏற்றியது. வாதம் இன்னும் முடியவில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

சென்னையிலிருந்து போன ஆசிரியர்

மதிப்பீட்டை வகுப்பறையில் கற்பிக்க முடியுமா என்ற கேள்விக்குத் தன் வாழ்நாளையே பதிலாக வைத்திருக்கும் தமிழ்நாட்டுக்காரர் அஸ்வத் தாமோதரன். சென்னை லயோலா கல்லூரியில் வணிகவியல், பெங்களூர் ஐ.ஐ.எம்.மில் மேலாண்மை, பிறகு யு.சி.எல்.ஏ.வில் எம்.பி.ஏ.வும் 1985-ல் முனைவர் பட்டமும் பெற்றார். கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் சிறிது காலம் பணியாற்றிய பின், 1986 முதல் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஸ்டெர்ன் பள்ளியில் நிறுவன நிதியும் மதிப்பீடும் கற்பித்துவருகிறார்.

அவர் செய்ததில் எனக்கு மிகப் பெரிதாகத் தெரிவது வகுப்பறையின் கதவைத் திறந்து வைத்தது. ஸ்டெர்ன் பள்ளியில் பெரும் கட்டணம் செலுத்திக் கேட்கும் அதே விரிவுரைகளை இணையத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் கேட்கலாம். பாடக்குறிப்பு, வினாத்தாள், கணக்குத் தாள் எல்லாம் அங்கே உண்டு. ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில், உலகெங்கும் உள்ள 40,000-க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் தரவுகளைத் தொகுத்து, துறைவாரியாக, நாடுவாரியாக வெளியிடுகிறார். திருக்கழுக்குன்றத்தில் கைபேசி வைத்திருக்கும் மாணவருக்கும் மன்ஹாட்டனில் அலுவலகம் வைத்திருக்கும் ஆய்வாளருக்கும் அங்கே கிடைப்பது ஒன்றே.

அவரை மதிப்பு முதலீட்டின் பிரசாரகர் என்று சொல்லிவிட முடியாது. 2020-ல் அதைப் பற்றி நீளமாகவே விமர்சித்தார். அது சூத்திரங்களில் இறுகிவிட்டது, சடங்காகிவிட்டது, தாங்கள்தான் ஒழுக்கசீலர்கள் என்ற பெருமிதத்தில் மூழ்கிவிட்டது என்பது அவர் குற்றச்சாட்டு. லாபத்தைப் போல் இத்தனை மடங்குக்குக் கீழே விலை இருந்தால் வாங்கு என்பது மதிப்பீடு ஆகாது என்கிறார். வளர்ச்சியும் மதிப்பின் ஒரு பகுதிதான்; அதைக் கணிக்கக் கடினமாக இருக்கிறது என்பதற்காக ஒதுக்கிவிடக் கூடாது. ஒவ்வொரு மதிப்பீட்டுக்கும் பின்னால் ஒரு கதை இருக்க வேண்டும், அந்தக் கதையின் ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண் இருக்க வேண்டும் என்பது அவர் பாடத்தின் மையம். 2017-ல் இதைத் தனி நூலாகவே எழுதினார்.

அவருடைய முறை எப்படி வேலை செய்கிறது என்பதை இரண்டு நிகழ்வுகள் காட்டும். 2014-ல் ஊபர் நிறுவனத்துக்கு முதலீட்டாளர்கள் 1,700 கோடி டாலர் மதிப்பு வைத்தார்கள். தாமோதரன் அதன் மதிப்பு சுமார் 600 கோடி டாலர் என்று கணக்கிட்டு, கணக்கை முழுவதுமாக வெளியிட்டார். ஊபரில் பணம் போட்டிருந்த பில் கர்லி பதில் எழுதினார்: நீங்கள் ஊபரை நகர டாக்சிச் சந்தைக்குள் அடைத்துவிட்டீர்கள், சொந்தக் கார் வைத்திருப்பவர்களும் இதற்கு மாறுவார்கள். தாமோதரன் சண்டைக்குப் போகவில்லை. தன் கதை குறுகலாக இருந்திருக்கலாம் என்று ஒப்புக்கொண்டு, கர்லியின் கதைக்கும் எண் வைத்துக் காட்டினார். எந்த அனுமானத்தில் இருவரும் பிரிகிறார்கள் என்பது அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது.

இரண்டாவது நம்மூர்க் கதை. 2021 ஜூலையில் சொமேட்டோ ஒரு பங்கு 76 ரூபாய்க்குப் பொதுப் பங்கு வெளியிட்டது. தாமோதரன் மதிப்பிட்டது சுமார் 41 ரூபாய். பட்டியலான முதல் நாளே பங்கு 115 ரூபாயைத் தாண்டியது. பேராசிரியருக்கு இந்தியாவைப் பற்றித் தெரியாது என்று பேசினார்கள். ஓராண்டு கழித்து, 2022 ஜூலையில், அதே பங்கு 41 ரூபாய் அளவுக்கு இறங்கியது. பேராசிரியர் தீர்க்கதரிசி என்று கொண்டாடினார்கள். 2024-ல் அது 200 ரூபாயைத் தாண்டியது. இந்த மூன்று தேதிகளில் எதை எடுத்தாலும் அவர் சரி என்றோ தவறு என்றோ தீர்ப்புச் சொல்ல முடியாது. நிறுவனம் மாறியது, தகவல் மாறியது, சந்தையின் மனநிலை மாறியது. மாறாதது ஒன்றுதான்: எந்த அனுமானத்தின் பேரில் 41 ரூபாய் என்று சொன்னார் என்பது எழுத்தில் இருந்தது. அதை எடுத்து யாரும் சோதிக்கலாம், திருத்தலாம். தொலைக்காட்சியில் ‘இலக்கு விலை’ சொல்பவரையும் ஆசிரியரையும் பிரிப்பது இந்த ஒரு கோடுதான்.

இந்தியாவுக்குள் இதே பாடத்தை வேறொரு கோணத்தில் கற்பித்தவர் சஞ்சய் பக்ஷி. கணக்குத் தணிக்கையாளராகப் பயிற்சி பெற்றவர், முதலீட்டாளர், குர்கானில் உள்ள எம்.டி.ஐ. மேலாண்மைக் கல்லூரியில் பல ஆண்டுகள் வகுப்பு எடுத்தவர். அவர் பாடத்தில் பாதி மனிதர்களின் நடத்தை, மீதிப் பாதிதான் தொழில் மதிப்பீடு. கணக்குத் தெரிந்தவரும் ஏன் ஏமாறுகிறார் என்பதைச் சொல்லாமல் கணக்கை மட்டும் சொல்லிக்கொடுத்துப் பயனில்லை என்பது அந்த அமைப்பிலேயே தெரிகிறது.

எதைக் கற்பிக்கலாம்

தள்ளுபடிக் கணக்கு, அதாவது நாளை வரும் பணத்துக்கு இன்று என்ன மதிப்பு என்பது, மதிப்பீட்டுப் பாடத்தின் கடினமான பகுதி என்று மாணவர்கள் பயப்படுகிறார்கள். மாமல்லபுரம் வட்டாரத்துப் பெண்கள் அதைச் சீட்டுப் பணத்தில் மாதாமாதம் செய்கிறார்கள். இருபது பேர், மாதம் 5,000 ரூபாய், ஒரு லட்ச ரூபாய் ஏலச்சீட்டு என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது மாதத்தில் ஒருவருக்கு அவசரம். 25,000 ரூபாய் தள்ளி, 75,000 ரூபாய்க்குச் சீட்டை எடுக்கிறார். அந்த 25,000-ல் சீட்டு நடத்துபவரின் கமிஷன் 5,000 போக, மீதி 20,000 ரூபாய் எல்லோருக்கும் ஆயிரம் ஆயிரமாகக் கசராகக் கழிகிறது. கடைசி மாதம் வரை பொறுத்தவருக்குத் தள்ளு கிடையாது, கமிஷன் மட்டும்தான் போகும். இன்றைக்கு 75,000 வேண்டுமா, பதினெட்டு மாதம் கழித்து ஏறக்குறைய முழுத் தொகை வேண்டுமா என்ற கேள்விக்கு ஏலத்தில் அவர்கள் சொல்லும் விடைதான் தள்ளுபடி விகிதம். அதோடு இன்னொன்றையும் அவர்கள் பார்க்கிறார்கள்: நடத்துபவர் நம்பகமானவரா, பதிவு செய்த சீட்டா? ஆள் சந்தேகமாக இருந்தால் சீக்கிரமே எடுத்துவிடுகிறார்கள். ஆபத்து கூடினால் தள்ளுபடியும் கூடும் என்ற விதி அது. மேலாண்மைக் கல்லூரிப் பாடம் இங்கிருந்து தொடங்கலாம்.

நிலத்துக்கும் இதே கணக்கைப் போடலாம். மாமல்லபுரம் பக்கம் 40 லட்ச ரூபாய்க்கு மனை வாங்கி, 30 லட்சத்தில் வீடு கட்டினார் ஒருவர் என்று கொள்வோம். மாத வாடகை 15,000 ரூபாய். ஆண்டுக்கு 1,80,000, வீட்டு வரி, பழுது பார்ப்பு, ஆளில்லாத மாதம் எல்லாம் போகக் கைக்கு வருவது ஒன்றரை லட்சம். போட்ட 70 லட்சத்துக்கு இது இரண்டு சதவீதம் சொச்சம். அதே பணத்தை ஏழு சதவீத வட்டிக்கு வங்கியில் போட்டால் ஆண்டுக்கு 4,90,000 ரூபாய் வரும். ஆகவே அந்த 70 லட்சத்தின் பெரும்பகுதி வாடகைக்காகக் கொடுத்ததல்ல. நாளைக்கு வேறொருவர் இன்னும் கூடுதலாகக் கொடுப்பார் என்ற நம்பிக்கைக்காகக் கொடுத்தது. அந்த நம்பிக்கை பலிக்கலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பலருக்குப் பலித்தும் இருக்கிறது. ஆனால் நம்பிக்கைக்கு எவ்வளவு, வருமானத்துக்கு எவ்வளவு என்று பிரித்துத் தெரிந்துகொண்டு வாங்குவது வேறு, தெரியாமல் வாங்குவது வேறு.

கற்பிக்கக்கூடிய இரண்டாவது விஷயம், பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பது. 2012-ல் ஈரோடு மாவட்டம் பெருந்துறையை மையமாக வைத்து ஈமு கோழித் திட்டங்கள் சரிந்தன. ஒன்றரை லட்ச ரூபாய் போலக் கட்டினால் குஞ்சுகள், தீவனம், கொட்டகை, மாதாமாதம் பராமரிப்புப் பணம் எல்லாம் கிடைக்கும் என்றார்கள். ஈமு இறைச்சியை யார் எந்த விலைக்கு வாங்குகிறார்கள் என்று கேட்டிருந்தால் போதும். வாங்க ஆளில்லை, புதிதாகச் சேர்பவரின் பணம்தான் பழையவருக்கு மாதப் பணமாகப் போனது. 1990-களில் நிதி நிறுவனங்கள் வரிசையாகக் கவிழ்ந்ததும் இதே வழியில்தான். வைப்பீட்டாளர் நலன் காக்கத் தமிழ்நாடு 1997-ல் தனிச் சட்டமே இயற்ற வேண்டிவந்தது. சட்டம் வந்த பிறகும் ஈமு வந்தது. ஏமாந்த பிறகு வழக்குப் போடச் சட்டம் உதவும். பணம் கட்டும் முன் கேள்வி கேட்கப் பாடம்தான் உதவும்.

மூன்றாவது, மதிப்பீட்டு மொழியையே சந்தேகிப்பது. 1992-ல் பங்குத் தரகர் ஹர்ஷத் மேத்தா ஏ.சி.சி. சிமென்ட் பங்கின் விலையை 9,000 ரூபாய் அளவுக்கு ஏற்றியபோது, அதற்கு ‘மாற்றீட்டுச் செலவு’ என்ற விளக்கம் சொல்லப்பட்டது. இன்றைக்கு இதே ஆலைகளைப் புதிதாகக் கட்ட எவ்வளவு ஆகும், அதுதான் பங்கின் மதிப்பு என்றார்கள். கேட்க நியாயமாக இருந்தது. ஆனால் ஆலை கட்ட ஆகும் செலவு வேறு, அந்த ஆலை சம்பாதிக்கும் பணம் வேறு. விலையை ஏற்றியது வங்கிகளிலிருந்து முறைகேடாக வந்த பணம். கோட்பாடு அதற்குப் போர்த்திய பட்டுத்துணி.

எதைக் கற்பிக்க முடியாது

கணக்கே பொய்யாகிவிட்டால் கணக்கு வாசிப்பவர் என்ன செய்வார்? 2009 ஜனவரி 7-ம் தேதி சத்யம் மென்பொருள் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தில், இருப்புநிலைக் குறிப்பில் காட்டிய ரொக்கத்தில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். அந்த இல்லாத பணத்துக்கு வரவேண்டிய வட்டி என்று 376 கோடி ரூபாயும் எழுதப்பட்டிருந்தது. பெரிய தணிக்கை நிறுவனம் கையெழுத்திட்ட கணக்கு அது. விகிதங்களை மட்டும் படித்த மாணவர் இதில் தப்பித்திருக்க முடியாது. அதற்கு முந்தைய மாதம், சொந்தக் குடும்பத்தின் நிறுவனங்களைச் சத்யத்தின் பணத்தில் வாங்க முயன்றார்களே, அந்த நடத்தையைப் படித்தவர்தான் எச்சரிக்கை அடைந்திருப்பார். ஆட்களை எடைபோடும் அறிவை வகுப்பறை தொடங்கி வைக்கலாம்; முடித்துக் கொடுக்க முடியாது.

அடுத்தது பொறுமை. 2010-களில் புத்தக மதிப்பை ஒட்டி மலிவாகக் கிடைத்த பங்குகள் அமெரிக்காவில் ஆண்டுக்கணக்காகப் பின்தங்கின. தொழில்நுட்ப நிறுவனங்கள் ஓடின. சரியாகப் படித்தவர்களே தங்கள் பாடத்தைச் சந்தேகிக்கும் அளவுக்கு அந்தக் காலம் நீண்டது. எப்போது பொறுமை அறிவு, எப்போது அது பிடிவாதம் என்பதற்குச் சூத்திரம் கிடையாது. கிரஹாமே இதற்குச் சாட்சி. 1948-ல் அவருடைய நிறுவனம் கெய்கோ என்ற காப்பீட்டு நிறுவனத்தில் பாதியைச் சுமார் 7 லட்சம் டாலருக்கு வாங்கியது. அவர் விதிகளின்படி பார்த்தால் ஒரே இடத்தில் அத்தனை பணம் போட்டிருக்கக் கூடாது. ஆனால் மற்ற எல்லா முதலீடுகளையும் சேர்த்துச் சம்பாதித்ததைவிட அந்த ஒன்று கூடுதலாகச் சம்பாதித்தது. அவர் கற்பித்த பாதுகாப்பு இடைவெளிக் கணக்கைவிட, நல்ல தொழிலை விடாமல் வைத்திருந்ததே அவருக்கு அதிகம் கொடுத்தது. இதை அவர் மறைக்கவில்லை, தானே எழுதினார்.

ஆக, ஆசிரியர் கொடுக்கக்கூடியது மூன்று: கணக்கை வாசிக்கும் கண், பணம் வரும் வழியைக் கேட்கும் பழக்கம், தன் கணிப்பைக் காரணத்தோடு எழுதி வைத்து, பிசகினால் திருத்திக்கொள்ளும் ஒழுக்கம். மூன்றாவதைச் சொற்பொழிவால் கொடுக்க முடியாது, ஆசிரியர் தானே ஊரறியச் செய்துகாட்ட வேண்டும். கிரஹாமும் தாமோதரனும் அதைச் செய்தார்கள். மாணவர்களில் எத்தனை பேர் கோடீஸ்வரர்கள் ஆனார்கள் என்பது இந்தப் பணிக்கு அளவுகோலாகாது. எத்தனை பேர் கேட்காமல் பணம் கட்டுவதை நிறுத்தினார்கள் என்பதே அளவுகோல்.

யாருக்குப் போய்ச் சேர வேண்டும்

இந்தியாவில் பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் டீமேட் கணக்குகள் 2022 ஆகஸ்டில் பத்துக் கோடியைத் தாண்டின. அதற்குப் பிறகும் வேகம் குறையவில்லை. பணம் போடுபவர்களின் எண்ணிக்கை கூடிய அளவுக்குப் படிப்பு கூடவில்லை. பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் எதிர்கால, விருப்ப ஒப்பந்தங்களில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதத்தினர் நட்டமடைந்தார்கள். மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். இவர்களில் பலர் இளைஞர்கள். செங்கல்பட்டு மாவட்டத்தின் மகிந்திரா வேர்ல்டு சிட்டியிலும், ஒரகடம் பக்கத்து ஆலைகளிலும் ஷிஃப்ட் முடித்துப் பேருந்தில் ஏறும் பிள்ளைகளின் கையிலும் பங்கு வர்த்தகச் செயலிகள்தான் திறந்திருக்கின்றன.

தமிழில் இதற்கான முயற்சி இல்லாமல் இல்லை. சோம. வள்ளியப்பனின் ‘அள்ள அள்ளப் பணம்’ நூல்வரிசை பங்குச் சந்தையின் அடிப்படைகளைச் சாதாரண வாசகரின் கையில் கொண்டுசேர்த்தது. ‘நாணயம் விகடன்’ வாரந்தோறும் பணத்தைப் பற்றித் தமிழில் பேசும் இடத்தை உருவாக்கியது. ஆனால் நூலும் இதழும் வகுப்பறையாகிவிடாது. ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையை மேசைமேல் விரித்து, இந்த வரி ஏன் சென்ற ஆண்டைவிடக் கூடியிருக்கிறது என்று கேட்டு, மாணவர் சொல்லும் விடையை மற்றொரு மாணவர் மறுக்கும் இடம் வேறு.

அதற்கான படிகள் ஏற்கெனவே இருக்கின்றன. தமிழ்நாட்டின் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப்பதிவியல் பாடத்தில் நிதிநிலை அறிக்கைப் பகுப்பாய்வும் விகிதப் பகுப்பாய்வும் உள்ளன. தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகள் நடப்பு விகிதமும் கடன் விகிதமும் கணக்கிட்டே தேர்வு எழுதுகிறார்கள். ஆனால் அந்தக் கணக்கு கற்பனையான ‘எக்ஸ் நிறுவனத்தோடு’ நின்றுவிடுகிறது. அங்கே உண்மையான நிறுவனத்தின் பெயரை எழுதினால் போதும், கிரஹாமின் மாலை வகுப்பு தொடங்கிவிடும். கும்பகோணத்தின் சிட்டி யூனியன் வங்கி 1904-லும் கரூர் வைஸ்யா வங்கி 1916-லும் தொடங்கியவை, சுந்தரம் ஃபைனான்ஸ் 1954-ல் வந்தது, எம்.ஆர்.எஃப். 1946-ல் பொம்மை பலூன் செய்யத் தொடங்கி, டயருக்கு வந்தது. இவற்றின் ஆண்டறிக்கைகள் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளக் கிடைக்கின்றன. 1926-ல் கிரஹாம் வாஷிங்டனுக்கு ரயிலேற வேண்டியிருந்தது; இன்று அந்தத் தடையும் இல்லை.

எம்.ஆர்.எஃப். பங்கு 2023 ஜூனில் ஒரு லட்ச ரூபாயைத் தொட்டபோது, அதை ‘விலையுயர்ந்த பங்கு’ என்றார்கள். நிறுவனம் தன் பங்குகளைச் சிறு துண்டுகளாகப் பிரிக்காததால் ஒரு பங்கின் விலை அப்படி. ஒரு லட்ச ரூபாய்ப் பங்கு மலிவாக இருக்கலாம், பத்து ரூபாய்ப் பங்கு அநியாய விலையாக இருக்கலாம் என்பதை ஒரே வகுப்பில் புரியவைத்துவிட முடியும். அது புரிந்த பிள்ளையிடம் ‘பத்து ரூபாய்ப் பங்கு, பத்து மடங்காகும்’ என்று வாட்ஸ்அப்பில் வரும் வலை விழாது.

ஆகவே என் கோரிக்கை இதுதான். செங்கல்பட்டு இராஜேஸ்வரி வேதாசலம் அரசு கலைக் கல்லூரி போன்ற இடங்களில் வணிகவியல் படிக்கும் மாணவர்களுக்கு, ஒரு பருவம் முழுக்க, ஒரே ஒரு உண்மையான நிறுவனத்தைத் தமிழில் மதிப்பிடும் பாடம் வேண்டும். மணமையில் இருப்பதைப் போன்ற மேலாண்மைக் கல்லூரிகள் தங்கள் ஆசிரியர்களில் ஒருவரை அதற்கு அனுப்பி வைக்கலாம். தூரம் அதிகமில்லை, இரண்டும் ஒரே மாவட்டத்தில்தான் இருக்கின்றன. மாணவர் தன் மதிப்பீட்டைக் காரணங்களோடு எழுதி ஒப்படைக்க வேண்டும். அடுத்த ஆண்டு அதே தாளை எடுத்து, எந்த அனுமானம் பிசகியது என்று அவரே குறிக்க வேண்டும். மதிப்பெண்ணை முதல் தாளுக்குக் கொடுக்காமல் அந்தத் திருத்தத்துக்குக் கொடுக்க வேண்டும். புதுக்கோட்டையிலிருந்து போனவரும் லயோலாவிலிருந்து போனவரும் உலகின் பெரிய வகுப்பறைகளில் கற்பித்த பாடம் இது. அவர்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது அவர்கள் மொழியில் கிடைப்பதற்குக் கட்டடமோ பெருநிதியோ தேவையில்லை. ஓர் ஆண்டறிக்கையும் கேள்வி கேட்க அஞ்சாத ஓர் ஆசிரியரும் இருந்தால் வரும் கல்வியாண்டிலேயே தொடங்கிவிடலாம்.